ஆளில்லாத கூடம்



மனத்தைக் கலங்கடிக்கும் படம் எடுக்க இருட்டும் சுடுகாடும் வேண்டுமா? வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடமே போதும் என்று காட்டியவர் சிம்ரின் கில். 1959இல் சிங்கப்பூரில் பிறந்து, போர்ட்டிக்சனில் வளர்ந்தவர். 2013இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றவர்.

1999, 2000ஆம் ஆண்டுகளில் அவர் போர்ட்டிக்சன் மக்களை அவரவர் இடத்திலேயே அமர்த்திப் படமெடுத்தார். இடம் பழகியது, உடை பழகியது. முகம் மட்டும் தெரியாது. நம் சந்தையில் விற்கும் பழங்கள் தலையை மறைத்திருக்கும். முதலில் சிரிப்பு வரும். பிறகு, முகமே தெரியாதவரை உடையையும் அறையையும் வைத்து, "இவர் இந்த இனம்" என்று நாமே முடிவு கட்டுவது புரியும். சிரிப்பு அடங்கிவிடும்.

அவை ஏற்பாடு செய்து எடுத்த படங்கள். 2001இல் எடுத்த 'டாலாம்' வேறு வகை. மலாய் மொழியில் 'உள்ளே' என்று பொருள். எட்டு வாரம் தீபகற்ப மலேசியாவைச் சுற்றி, முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்டி, கூடத்தைப் படமெடுக்க அனுமதி கேட்டார். மொத்தம் 260 படங்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. ஒரு படம் சாதாரணமாகத்தான் இருக்கும். வரிசையாகப் பார்க்கும்போது, வீட்டார் இப்போதுதான் எழுந்து போனார்களா, இனி வரவே மாட்டார்களா என்று நெஞ்சு கேட்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நாங்கள் கேமராவோடு ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டு அம்மா முதலில் துணிக்கொடியை அவிழ்ப்பார். நம் ஆல்பங்களும் அப்படித்தான். திருமணம் இருக்கும், காதுகுத்து இருக்கும். அன்றாடம் இருக்காது. தோட்டத்தில் பிறந்து, இன்று தம்போய் வரிசை வீடுகளில் வாழும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். லயத்துச் சமையற்கட்டின் படம் ஒன்றாவது இருக்கிறதா? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. பலருக்கு எஞ்சியது, மணமக்களின் முதுகுக்குப் பின்னால் தெரியும் ஒரு முழச் சுவர்தான்.

இப்போது ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. இந்த வாரம் ஒரு படம் எடுங்கள். யாரையும் நிற்க வைக்காமல், எதையும் ஒதுக்காமல், உங்கள் கூடத்தை அப்படியே எடுங்கள். தாத்தாவின் நாற்காலியும் அதில் இருக்கட்டும். இன்று அது வெறும் நாற்காலி. நாளை பிள்ளைகள் அதைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள்.