மூன்று பீடங்களும் ஓர் உளியும்



சீனத்தின் சோங்சிங் மாநகரத்துக்கு உட்பட்ட தாசூ வட்டாரத்து மணற்கல் பாறைகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அந்த மலைச்சரிவுகளில் வெட்டப்பட்ட உருவங்கள் ஏறத்தாழ 50,000. பொறிக்கப்பட்ட சீன எழுத்துகள் 1,00,000-க்கு மேல். பெரும்பகுதி 9-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 13-ஆம் நூற்றாண்டின் நடுவுக்கும் இடைப்பட்ட வேலை. 1999-இல் யுனெஸ்கோ அவற்றுள் ஐந்து மலைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, பௌத்தமும் தாவோயிசமும் கன்பூசியமும் அங்கே இசைவாக இணைந்திருக்கின்றன என்பது. ‘மூன்று நெறிகளின் சங்கமம்’ என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். சொல் அழகானதுதான். ஆனால் ஆறுகள் கூடிய பிறகு எது எந்த ஆற்று நீர் என்று பிரித்துக் காட்ட முடியாது. தாசூவில் பெரும்பாலான இடங்களில் பிரித்துக் காட்ட முடிகிறது. கன்பூசியஸ் உருவமாக வீற்றிருக்கும் பாறையில் கலப்பு மேலோட்டமானது. அவருடைய உருவமே இடம்பெறாத பாறையில்தான் அவருடைய நெறி பௌத்தத்துக்குள் ஆழ இறங்கியிருக்கிறது. அங்கும் அது சும்மா இறங்கவில்லை, உருமாறி இறங்கியிருக்கிறது. இந்த உரையில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் ஷிஜுவான் மலை. சுமார் 130 மீட்டர் நீளப் பாறை. 11-ஆம் நூற்றாண்டில் யான் ஷுன் என்ற நிலக்கிழார் தம் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி வெட்டுவித்தது. முப்பெரும் புத்தர் மாடம் 1082-இலும், லாவோட்சு மாடம் 1083-இலும், கன்பூசியஸ் மாடம் 1088-இலும் உருவாயின. மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன, நடுவில் புத்தர். மூவரும் ஒரே பாறையில் என்பதால் இதைக் கலப்புக்கு முதற்சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி மாடம், தனிப் பரிவாரம், தனி உடை, வெவ்வேறு ஆண்டு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வரவில்லை. இதை அண்டைமை என்று சொல்லலாமே தவிரக் கலப்பு என்று சொல்ல முடியாது. அப்படியானால் பொதுவாக இருப்பது என்ன? கன்பூசியஸின் இருபுறமும் அவருடைய மாணவர் பதின்மர் வரிசையாக நிற்கிறார்கள். புத்தரின் இருபுறமும் சீடர் பதின்மரை நிறுத்துவது பௌத்தச் சிற்ப மரபு. அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்து, முகங்களையும் உடைகளையும் மட்டும் மாற்றி, ஆசானுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். லாவோட்சுவுக்கும் அதே சட்டகம்தான். மலையில் வேலை செய்தவர் வென் வெய்ஜியான் என்ற சிற்பியும் அவருடைய மகன்மாரும் என்பதைப் பாறையில் உள்ள பெயர்களே சொல்கின்றன. கோட்பாடுகள் உடன்பட்டனவா என்பது அந்தக் குடும்பத்தின் கவலையாக இருந்திருக்காது. நடுவே பெரியவர், இருமருங்கும் அடியார் என்று ஒரே இலக்கணம் அவர்கள் கைக்குப் பழகியிருந்தது. சமயங்களுக்கு முன்பாகவே உளி ஒன்றாகிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. யுனெஸ்கோவின் ஐந்து மலைகளுக்குள் வராத மியாவோகாவோ மலையில், 1144-இல் வெட்டிய ஒரே குகைக்குள் மூவரும் இருக்கிறார்கள். தனி மாடம் என்ற என் வாதம் அங்கே எடுபடாது என்று நீங்கள் சொல்லலாம். குகை ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்சுவர் புத்தருக்கு. லாவோட்சுவும் கன்பூசியஸும் பக்கச் சுவர்களில், அவரவர் பணியாளரோடு. ஒரே கூரைக்குக் கீழேயும் முதன்மை யாருக்கு என்பதில் ஐயம் வைக்கவில்லை. விருந்தினரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைப்பதும் வீட்டைப் பங்கு போடுவதும் ஒன்றல்ல. அந்தக் குகையை வெட்டியவர் பெயர் வென் ஜொங்ஜாங். அதே வென் குடும்பம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்.

கன்பூசியம் பாறைக்கு வரும் இன்னொரு வழியும் தாசூவில் உண்டு. பெய் மலையில், அதாவது வடமலையில், 892-இல் வெய் ஜுன்ஜிங் என்ற படைத்தலைவர் தொடங்கிவைத்த பௌத்தப் பாறைத்தொடருக்கு நடுவே, ‘சியாவோ ஜிங்’ என்ற பெற்றோர்ப்பற்று நூலின் பழைய பாடம் முழுவதும் எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் சொங் கால அறிஞர் ஃபான் சுயூ. உருவம் வேண்டாம், நூல் போதும் என்ற கற்றோரின் பாங்கு அது. சிலை வணக்கத்தோடு கன்பூசிய அறிஞர்களுக்கு இருந்த உறவு எப்போதும் சற்று விலகலானதுதான்.

இனி பாவோதிங் மலை. 1159-இல் பிறந்த ஜாவோ ஜிஃபெங் என்ற துறவி, 1174 முதல் 1252 வரையான காலத்தில், லாட வடிவப் பள்ளத்தாக்கு ஒன்றின் மூன்று பக்கச் சுவர்களையும் ஒரே திட்டத்தின்கீழ் செதுக்க வைத்தார். 31 மீட்டர் நீளப் பரிநிர்வாண புத்தரும், 88 சதுர மீட்டர் பரப்பில் கைகளை விரித்து வீற்றிருக்கும் அவலோகிதேசுவரரும் அங்கேதான். (ஆயிரம் கை என்று பெயர். 2008 முதல் 2015 வரை நடந்த சீரமைப்பில் எண்ணிப் பார்த்தபோது கிடைத்தவை 830. பக்தர்கள் இதற்காகக் கவலைப்படவில்லை.) ஜாவோவின் திட்டத்தில் கன்பூசியஸுக்கு மாடம் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் நடந்து வருபவர் கண்ணில் நெடுநேரம் நிற்கும் சுவர் பெற்றோர் நன்றியைப் பற்றியது. மேலே ஏழு புத்தர்கள். அவர்களுக்குக் கீழே, பிள்ளை வேண்டித் தூபமேந்தி நிற்கும் கணவனும் மனைவியும். அவர்களுக்கு இருபுறமும் பத்து நன்றிகள். வயிற்றில் சுமப்பது, பேறுகால வேதனை, பெற்றபின் வலி மறப்பது, கசப்பைத் தான் விழுங்கி இனிப்பைப் பிள்ளைக்கு ஊட்டுவது, நனைந்த பக்கம் தான் படுத்து உலர்ந்த பக்கம் பிள்ளையைக் கிடத்துவது, பாலூட்டுவது, அழுக்குத் துணி அலசுவது, தொலைவூர் போன மகனை நினைத்து ஏங்குவது என்று நீளும் அந்தக் காட்சிகளுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இவற்றுக்கு மூலமான பெற்றோர் நன்றிச் சூத்திரம் இந்தியாவிலிருந்து போனதல்ல, சீனத்திலேயே இயற்றப்பட்டது.

ஏன் இயற்ற வேண்டியிருந்தது? துறவியின் மேல் கன்பூசியர் சுமத்திய குற்றம் பழையது. பெற்றோர் தந்த உடம்பின் முடியை மழிக்கிறான், வீட்டைத் துறக்கிறான், குலம் தழைக்க மகனைப் பெறாமல் போகிறான். 819-இல் கன்பூசிய அறிஞர் ஹான் யூ அரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், புத்தர் தந்தை மகன் உறவின் கடமை அறியாத அயலார் என்ற குறை வெளிப்படையாகவே இருக்கிறது. இந்தக் குற்றச்சாட்டு பாவோதிங்கிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த சுவரில், புத்தர் பெற்றோரைப் பேணாதவர் என்று சிலர் குழலூதியும் ஆடியும் பழிக்கிறார்கள். பக்கத்திலேயே புத்தர் தம் தந்தையின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போகிறார். குற்றமும் விடையும் ஒரே சுவரில். பழிப்பவர்கள் யார் என்பதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அவர்கள் கன்பூசிய அறிஞர்கள் அல்லர். புத்தர் காலத்து இந்தியாவில் அவருக்கு எதிராக நின்ற ஆறு ஆசிரியர்களின் கூட்டத்தார். அந்த அறுவருள் மற்கலியும் பூரணரும் தமிழ்க் காப்பியங்கள் வழியே நமக்கு அறிமுகமானவர்கள். சீனத்தில் சீனர் எழுப்பிய குற்றச்சாட்டை, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய வேற்று நாட்டு எதிரியின் வாயில் வைத்தாயிற்று. உள்ளூர்ப் பெரியவரைப் பகைக்காமல் அவருக்கு மறுமொழி சொல்ல இதைவிட நயமான வழி இருக்க முடியாது. இதை இசைவு என்று மட்டும் சொல்லிவிட்டால், சுவருக்குப் பின்னால் நடந்த வழக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இங்கே இன்னொரு மறுப்பும் வரும். பெற்றோரைப் போற்றுவதைக் கன்பூசியத்துக்கு ஏன் எழுதிவைக்க வேண்டும்? இந்தியப் பௌத்தத் துறவிகளே தாய் தந்தையரின் நலன் கருதிக் கொடையளித்ததை அவர்கள் விட்டுச்சென்ற கல்வெட்டுகளிலிருந்து பௌத்த ஆய்வாளர் கிரெகரி ஷோபன் 1980-களிலேயே காட்டினார். உண்மை. பெற்றோர்ப்பற்று சீனத்தின் தனிச்சொத்து அல்ல. ஆனால் இந்தியக் கொடைக் கல்வெட்டில் அது ஒரு வரி. யாரும் எதிர்க்காததால் யாரும் வாதாடவில்லை. பாவோதிங்கில் அது மலைச்சுவர் முழுதும் விரிந்த வாதுரை. ஒரு செய்தி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதிலிருந்து அது யாரை நோக்கிப் பேசுகிறது என்று ஊகிக்கலாம்.

அந்த வாதுரை கன்பூசியத்தை அப்படியே ஏற்கவும் இல்லை. கன்பூசியப் பெற்றோர்ப்பற்று அடிப்படையில் தந்தை–மகன் உறவு. பத்து நன்றிகளிலோ கடன் கொடுத்தவள் பெரும்பாலும் தாய். எட்டாம் நன்றியில் மகனின் திருமண விருந்துக்குப் பன்றி அறுக்கிறார்கள். பிள்ளைக்காகப் பாவம் செய்வதும் ஒரு நன்றி என்று சூத்திரம் கணக்கிடுகிறது. இந்த ஓர் இடத்தில் நெறியே திசை மாறிவிடுகிறது. பிள்ளைக்காகக் கொன்ற பாவம் பெற்றோரை நரகத்துக்கு இழுக்கும். எனவே வயதான காலத்தில் சோறு போடுவதாலும் முறையாகத் துக்கம் காப்பதாலும் மட்டும் கடன் தீராது. அவர்களை மீட்கப் புத்த வழிபாடும் சங்கத்தின் சடங்கும் வேண்டும். குடும்பத்தைத் துறந்தவன் குடும்பத்துக்கு இன்றியமையாதவனாகிவிடுகிறான். சற்றுத் தொலைவில் நரகக் காட்சிகளுக்கு நடுவே, கோழிக்கூடையைத் தூக்கிப் பார்த்துப் புன்னகைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். தாசூவின் மிக இனிய முகங்களில் ஒன்று. அவள் அங்கே இருப்பது கொலைக்கு உயிர் வளர்ப்போரின் கதியைக் காட்ட. பன்றி அறுக்கும் வீட்டுக்கும் கோழி வளர்க்கும் இவளுக்கும் சட்டம் ஒன்றுதான். கன்பூசியம் இந்தச் சட்டத்தை அறியாது.

தாவோயிசத்தைப் பற்றி நான் குறைவாகவே சொல்கிறேன், அதற்கான காரணமும் பாறையில் இருக்கிறது. ‘நான்’ மலையின், அதாவது தென்மலையின், மூன்று தூயர் குகையும், ஷிமென் மலையில் ஆயிரங்காதப் பார்வையரும் காற்றுச் செவியரும் காவல் நிற்கும் பச்சைமணிப் பேரரசர் மாடமும், பௌத்த அண்டையாரிடமிருந்து கொலு அமைப்பைப் பெற்றவை. ஆனால் தம் தெய்வ வரிசையை அவை விட்டுக்கொடுக்கவில்லை. பெற்றோர்ச் சுவரில் காணும் உள்ளார்ந்த உருமாற்றத்துக்கு நிகரானதை அங்கே நான் காணவில்லை.

சொங் அரசே மூன்று நெறிகளையும் அணைத்தது, பாறை அதன் எதிரொலிதானே என்று கேட்பவர்கள் 1119-ஐ நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஹூய்ட்சுங் பேரரசர் புத்தருக்கும் துறவிகளுக்கும் தாவோயிசப் பட்டங்களைச் சூட்டி, பௌத்தத்தையே பெயர்மாற்றத்தால் கரைக்கப் பார்த்தார். ஆணை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. பாவோதிங்கில் உளியோசை எழுந்த அதே தலைமுறையில் கன்பூசிய அறிஞர் ஜு சி பௌத்தத்தைக் கடுமையாக மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். மூன்று நெறிகளுக்கும் மூன்று பணி ஒதுக்கிக் கட்டுரை எழுதிய சியாவோட்சுங் பேரரசரும் அதே காலத்தவர்தான். இவற்றுள் எது அந்தக் காலத்தின் குரல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனமில்லை. தாசூவின் பாறைகள் தலைநகரின் ஆணையை எதிரொலிக்கவும் இல்லை. நிலக்கிழார், படைத்தலைவர், துறவி என்று உள்ளூர்ப் பணமும் உள்ளூர்த் தேவையும் கொண்டவர்கள் வெட்டுவித்தவை அவை.

ஆகவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உருவங்களைச் சமயவாரியாக எண்ணுவதோடு நிற்காமல், யார் பணம் கொடுத்தார், யாருடைய நலனுக்காக, எந்தக் குடும்பம் உளி பிடித்தது என்று மாடத்துக்கு மாடம் கேளுங்கள். வென் குடும்பத்தின் பெயர்களையும், அவர்களைப் போலவே தலைமுறைகளாகத் தாசூவில் உழைத்த ஃபூ குடும்பத்தின் பெயர்களையும் ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒரு மலையின் புத்தர் இன்னொரு மலையின் பேரரசருக்கு எதைக் கொடுத்தார் என்பதைக் கையடையாளத்தோடு தொடர முடியும். முதல் அமர்வைக் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவோம்.