முதலில் குறைக்க வேண்டியது வட்டியைத்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கஷ்டகாலத்தில் குடும்பச் செலவைக் குறைப்பது எப்படி" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு தேங்காயை மூணு நாளைக்கு இழுக்கிறவங்க நீங்க. சோப்பு கரைஞ்சு தகடு மாதிரி ஆனதும் புது சோப்பு மேல ஒட்ட வைக்கிறவங்க. உங்களுக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுக்க நான் யாரு? அதனால லைட்டை அணைங்க, கேஸைக் குறைங்க என்று நான் பேசப் போவதில்லை. வருமானம் திடீர்னு பாதியா நின்னு போற காலத்தில் எதை முதலில் வெட்டணும், எதைத் தொடவே கூடாது, அந்த வரிசையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2020 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. நம்ம ஊர் எதை வெச்சுப் பிழைக்குது? சனி, ஞாயிறு வெளியூர்க்காரங்க வந்தால்தான் கடற்கரைச் சாலையில் சுண்டல் விக்கும், ஆட்டோ ஓடும், ஒயிட் டவுன் விடுதிகளில் ரூம் துடைக்கிறவங்களுக்கும் பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கும் சம்பளம் வரும். காந்தி வீதியில் ஞாயிறு சந்தை போட்டால்தான் துணி விக்கிறவங்க வீட்டில் திங்கட்கிழமை அடுப்பு எரியும். அத்தனையும் ஒரே நாளில் நின்றது. ஏப்ரல் 30-ஆம் தேதி, 1898-லிருந்து இருந்த ஏ.எப்.டி. மில்லும் மூடப்பட்டது. தானே புயல் அடித்த 2011-லிருந்தே அது தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மில் சங்கு கேட்டுத்தான் எங்கள் முதலியார்பேட்டையில் ஒரு காலத்தில் சோறு வடிப்பார்கள். மூடிவிட்டார்கள் என்று கேட்டபோது, மில்லுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவங்க கூட வாசலில் வந்து நின்றார்கள்.

படித்தவர்கள் இதை மந்தநிலை என்பார்கள். தொடர்ந்து இரண்டு காலாண்டு நாட்டின் உற்பத்தி சுருங்கினால் அதற்கு அந்தப் பெயர். 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் 23.9 சதவீதம், அடுத்த மூணு மாசத்தில் 7.5 சதவீதம் சுருங்கியது என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு வெளியே வந்தது நவம்பர் கடைசியில். நம்ம அரிசிப் பானைக்கு அது ஏப்ரலிலேயே தெரியும்.

ஜூனில் ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்திய பிறகுதான் எங்கள் குழு கூடியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். பதினைந்து பேர். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்க ஊக்குநர் அக்கா ஒரு வேலை செய்தாங்க. பேர் போடாமல், யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு அவங்க பொண்ணு தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. டப்பாவைக் கொட்டிப் படித்தால், பதினைந்தில் ஒன்பது சீட்டில் தண்டல் இருந்தது. அதில் பாதிப் பேர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியது. குழுவுக்கும் தெரியாது. பத்து வருஷமா வாரா வாரம் பக்கத்தில் உட்காருகிறோம், ஒருத்தர் கடன் இன்னொருத்தருக்குத் தெரியவில்லை.

தண்டல் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. பத்தாயிரம் என்று பேச்சு. கையில் கொடுக்கிறது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். "என்ன பெரிசு, ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நாம திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஐம்பதாவது நாள் நம்ம கையில் அந்தப் பணம் பாதிதான் இருக்கு. அப்படிப் போட்டுப் பார்த்தால் மாசத்துக்கு நூற்றுக்குக் கிட்டத்தட்ட பத்து ரூபாய் வட்டி. அதே 8,500-ஐ நம்ம குழுவில் ரெண்டு வட்டிக்கு வாங்கி, அதே நூறு நாளில், குறைகிற அசலுக்கு வட்டி போட்டுக் கட்டினால் மொத்த வட்டி முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சம் ஆயிரத்து இருநூறு. எந்த வீட்டில் காபியை நிறுத்தி, பூவை நிறுத்தி, நூறு நாளில் ஆயிரத்து இருநூறு மிச்சம் பிடிக்க முடியும்? சொல்லுங்க.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வெட்டு வட்டியில் விழணும்.

அன்றைக்குக் குழுவில் சண்டையும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. நிரந்தர வேலையில் இருந்த ரெண்டு பேர், "எங்க சேமிப்பை எடுத்துத் தண்டல்காரனுக்குக் கொடுக்கிறதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவங்களும் வயிற்றைக் கட்டித்தானே சேர்த்தாங்க? ரெண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். மூணு மாசத்துக்கு உள்கடனில் யாரிடமும் அசல் கேட்பதில்லை, வட்டி மட்டும். கட்ட முடிந்தவர்கள் முழுசாகக் கட்டணும். கையிருப்பிலிருந்து தண்டலை முடிக்க மட்டும் ஒரு வட்டிக்குக் கடன். அந்தப் பணத்தை உறுப்பினர் கையில் கொடுக்காமல், கூட ரெண்டு பேர் போய் அடைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பரைத் திரும்ப வாங்கி வரணும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்தது அந்த நிரந்தர வேலைக்காரங்கதான்.

ஒன்பதில் எட்டுப் பேர் மீண்டார்கள். ஒருத்தர் ரெண்டே மாசத்தில் வேறொரு இடத்தில் மறுபடி தண்டல் வாங்கினார். அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர் சேமிப்புக் கணக்கை நாங்கள் இன்னும் மூடவில்லை.

அடுத்தது தவணை நிறுத்தம். 2020 மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மூணு மாசத்துக்குத் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. டிவியில் பார்த்துவிட்டு "கடன் தள்ளுபடி" என்று தெரு முழுக்கப் பேச்சு. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வருஷத்துக்கு 24 சதவீதத்தில் 30,000 ரூபாய் பாக்கி என்றால் மாசம் 600. ஆறு மாசத்துக்கு 3,600 ஏறி நிற்கும். வட்டிக்கு வட்டியை மட்டும்தான் பிறகு அரசு ஏற்றுக்கொண்டது. வட்டி நம்ம தலையில்தான். கையில் காசு இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. காசு இருந்தவங்க கட்டியிருந்தால் 3,600 மிச்சம். இனி இப்படி ஒரு அறிவிப்பு வந்தால், "வட்டி ஓடுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

நகை. இது நம்ம எல்லாருக்கும் மனசு பதறுகிற இடம். தெருமுனை அடகுக்கடையில் ரெண்டு வட்டி, மூணு வட்டி. வங்கியில் நகைக்கடன் நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய்க்கும் கீழே. தெரிந்தும் ஏன் மாற்ற முடியவில்லை? மீட்க ஒரே நாளைக்குக் கைப்பணம் வேணும், அது இல்லை. எங்கள் குழுவில் இதற்காகவே ரெண்டு நாள் கடன் வைத்தோம். காலையில் அடகுக்கடையில் மீட்டு, அப்படியே நடந்து போய் வங்கியில் வைத்து, சாயங்காலம் குழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க. ஆனால் வங்கி எவ்வளவு தருகிறது என்பது வேறு, நமக்கு எவ்வளவு வேணும் என்பது வேறு. 2020 ஆகஸ்டில், நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்று இருந்ததை 90 வரை தரலாம் என்று தளர்த்தினார்கள். அப்போது சவரன் 43,000-ஐத் தாண்டி நின்றது. 90 என்றால் சவரனுக்கு 38,700. அடுத்த மார்ச்சில் சவரன் 34,000 பக்கம் இறங்கிவிட்டது. கடன் நகையை விடப் பெரிசாகிவிட்டது. வித்தியாசத்தைக் கட்டு என்று வங்கி கேட்டால் எங்கே போவது? கேட்டது இருபதாயிரம் என்றால் இருபதாயிரத்தோடு நிறுத்திக்கணும்.

இப்போ வெட்டவே கூடாதது. கஷ்டம் வந்ததும் நாம முதலில் குறைக்கிறது நம்ம சாப்பாட்டை. வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டுகிறோம். யாரும் கேட்கவும் மாட்டாங்க, நாமும் சொல்ல மாட்டோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. இது சிக்கனம் இல்லை, பின்னால் கட்ட வேண்டிய கடன். ஜிப்மரில் செலவில்லாமல் பார்க்கலாம், சரி. வரிசையில் நிற்கிற நாளுக்குக் கூலி யார் தருவாங்க? வஞ்சிரம் வேணாம், நெத்திலியும் மத்தியும் போதும். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும், அதற்கு முன்னாலேயே கருவாடு வாங்கி வையுங்க. முட்டையை மட்டும் நிறுத்தாதீங்க, உங்க தட்டிலும்.

அரிசியும் அப்படித்தான். 2015 செப்டம்பரில் நம்ம புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. அரிசி மூட்டையாக வந்தால் அரிசியாகத்தான் இருக்கும். பணமாக வந்தால் அதற்குக் கால் முளைக்கும். தவணைக்குப் போகும், செல்போன் ரீசார்ஜுக்குப் போகும், சில வீட்டில் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கில் அந்தக் கடைகள் மூடியிருந்த காலத்தில், "கையில் வர்றது பாதிதான், ஆனா மாசக் கடைசி வரைக்கும் வருதே" என்று ஒரு தங்கச்சி ஆச்சரியப்பட்டுச் சொன்னது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொண்டோம். சில்லறை விலைக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் ஒரு பக்கம். பணம் கணக்கில் விழுந்த அன்றே அரிசியாக மாறியது, அதுதான் பெரிய லாபம்.

கல்யாணம், காதுகுத்து, மொய் பற்றி நான் பேசினால் சண்டைக்கு வருவீங்க. அதை விட்டுவிடுகிறேன்.

கடன் கொடுக்கிற நுண்நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் சில விதிகள் வைத்திருக்கிறது. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அவர்கள் கொடுக்கிற கடனில், அந்த வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாச வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் நமக்குப் புரிகிற மொழியில் தாளில் எழுதிக் கொடுக்கணும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. சொந்தக்காரங்களையும் அக்கம்பக்கத்தாரையும் இழுக்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வசூல்காரர் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டு அக்காக்கள் ஆறு பேர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தோம். சத்தம் போடவில்லை. "தம்பி, மணி ஆறுக்கு மேல ஆச்சு, விதி தெரியும்ல" என்றோம். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். மறுநாள் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினோம். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். கூட்டமைப்பு அலுவலகத்தில் வரும் மூணு வியாழக்கிழமையும் மதியம் மூணு மணிக்கு உட்காரப் போகிறோம். உங்க வீட்டில் இருக்கிற எல்லாக் கடன் அட்டை, அடகு ரசீது, தண்டல் நோட்டு, வங்கிப் பாஸ்புக் எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாதது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, அது அந்த ரூமைத் தாண்டிப் போகாது. எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதி, அதிக வட்டியை மேலே வைத்து ஒரு பட்டியல் போட்டுத் தருகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாங்க, ஆள் போதாது. கால்குலேட்டர் ரெண்டு இருக்கு.