ஊர் தாண்டிப் போன கால்கள்

(ஒகேனக்கல்லில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. "நமக்கு வழிகாட்டிய பெண்" என்ற தலைப்பில் குழுவுக்கு ஒருத்தர் பேசணும்னு சொன்னதும், எங்க குழுவில் யாரும் கை தூக்கல. நான் கூட்டத்துக்கு லேட்டா போனதால என் பேரை எழுதிட்டாங்க. அதனால தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

நான் பேசப்போறது மதுரை மாவட்டம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி. கூடவே காலமான எங்க அத்தை, அதாவது என் மாமியாரைப் பற்றியும் பேசுவேன். ரெண்டு பேரையும் பிரிச்சுப் பேச எனக்கு வரல.

எங்க அத்தை இறந்த பிறகு அவங்க தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ரெண்டு புடவை, சேமிப்பு பாஸ்புக் நாலு, பழைய பஸ் டிக்கெட் ஒரு கட்டு. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டின ஒரு படம். வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் குனிந்து ஒரு கிராமத்து அம்மாவின் காலைத் தொடப் போகிறார். என் பொண்ணு "யாரும்மா இது, சாமி படமா?"ன்னு கேட்டா. "இல்ல கண்ணு, அவர் பிரதமர் வாஜ்பாய். அந்த அம்மா பேரு சின்னப்பிள்ளை"ன்னு சொன்னேன்.

அந்தப் படம் வந்தது 2001 ஜனவரியில். டெல்லியில் நடந்த விழாவில் மத்திய அரசின் ஸ்திரீ சக்தி விருதை சின்னப்பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்தப்போ, பிரதமரே அவங்க காலைத் தொட்டு வணங்கினார். நாடே திரும்பிப் பார்த்துச்சு.

யார் இந்த அம்மா? பள்ளிக்கூடமே போகாதவங்க. சின்ன வயசுலேயே கல்யாணம். நிலம் இல்லாத கூலிக் குடும்பம். பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்தவங்க. அழகர் மலை பக்கத்து வயல்களில் நாற்று நடுவது, களை எடுப்பது, அறுப்பு அறுப்பதுதான் வேலை. அந்தப் பக்கம் கூலி வேலைக்குச் சேர்ந்து போகிற கூட்டத்தை "கொத்து" என்பார்கள். கொத்துக்கு ஒரு தலைவி இருப்பாங்க. எந்த வயலுக்கு எத்தனை பேர் போகணும், கூலி எவ்வளவு, கூலியை எப்படிப் பிரிப்பது என்று நிலக்காரரிடம் பேசி முடிப்பது அவங்க பொறுப்பு. சின்னப்பிள்ளை அம்மா அப்படி ஒரு கொத்துத் தலைவி. அதாவது நம்மள மாதிரி தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் வர்றதுக்கு முன்னாடியே, மனசுலேயே கணக்கு வெச்சு ஒரு குழுவை நடத்தினவங்க.

1990-களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் "களஞ்சியம்" என்ற பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. தானம் அறக்கட்டளை அதை வளர்த்தது. களஞ்சியம் என்றால் தானியம் சேர்த்து வைக்கிற இடம். கூலி வாங்கினதும் கொஞ்சம் எடுத்து வை, அது உன் பணம், அவசரத்துக்கு நீயே எடுத்துக்கோ, வட்டிக்காரர் வாசலுக்குப் போகாதே. இவ்வளவுதான் அதன் சாரம். சின்னப்பிள்ளை அம்மா தன் ஊரில் குழு சேர்த்தார். பிறகு ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். எழுத்து தெரியாத அம்மா, பாஷை தெரியாத மாநிலங்களுக்கும் போய் பெண்களிடம் சேமிப்பைப் பற்றிச் சொன்னார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வர்றேன். நிறைய பேருக்குத் தெரியாத சேதி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு முதலில் விதை போட்டது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கேதான் தொடங்கியது. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இங்கே நல்லா நடந்த பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போய், 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நான் பிறந்ததும் அதே 1989-லதான். நானும் குழுவும் ஒரே வயசு.

எங்க அத்தை நம்ம பக்கத்து ஆரம்ப காலக் குழுக்களில் ஒரு உறுப்பினர். அருவிக்குப் போற வழியில் மீன் வறுத்து விற்றவங்க. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தால், முதல் புக் முழுக்கக் கைநாட்டு. ரெண்டாவது புக்கில் பாதிக்கு மேல கையெழுத்து. எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும், ஆனா கையெழுத்து.

அவங்க வூட்டுல தங்கினதே கம்மி. பென்னாகரம், தர்மபுரி, சேலம்னு பயிற்சிக்குப் போவாங்க. குழுப் புளியையும் கேழ்வரகு மாவையும் மூட்டை கட்டி, சென்னை கண்காட்சிக்குப் போய் வித்துட்டு வருவாங்க. ஊருல "வூடு தங்காதவ"ன்னு பேர். உண்மையைச் சொல்றேன், நானும் அப்படித்தான் நெனச்சேன். கல்யாணமாகி வந்த புதுசுல, அவங்க கூட்டம்னு கெளம்பிட்டா சமையல், தண்ணி, மாடு எல்லாம் என் தலையில. "இந்தக் கூட்டத்துல என்னத்த கொட்டி வெச்சிருக்காங்க"ன்னு என் வூட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். அது அத்தை காதுல விழுந்துச்சு. அவங்க கோபப்படல. "பஸ்ஸுல ஏறத் தெரிஞ்சவளுக்குத்தான் பேங்க்குல ஏறத் தெரியும். ஒரு நாளைக்கு நீயே வருவ"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்கு முதல் பிரசவத்துல ரத்தம் குறைஞ்சு, ராத்திரியோட ராத்திரியா தர்மபுரிக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. வண்டி பேச வூட்டுல காசு இல்ல. அத்தை அந்த நேரத்துல நாலு வூட்டுக் கதவைத் தட்டி, குழுப் பணத்துல 5,000 ரூபாய் எடுத்துட்டு வந்தாங்க. தீர்மானம் மறுநாள்தான் எழுதினாங்க. ஆஸ்பத்திரியில எந்தப் பக்கம் போகணும், யாருகிட்ட பேசணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஏன்னா அவங்க ஊர் தாண்டிப் போனவங்க. இங்கே முன் வரிசையில உக்காந்திருக்கிற என் பொண்ணு, அந்தக் குழுப் பணத்துல உயிரோட இருக்கிறவ.

இவ்வளவு தெரிஞ்சும் நான் செஞ்ச தப்பை இங்க சொல்லணும். மலருக்கு எழுதிக் கொடுத்தப்போ இதை எடுத்திடலாமான்னு யோசிச்சேன். எடுக்கல.

2024 ஆடி மாசம் காவிரியில எவ்வளவு வெள்ளம் வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. என் வூட்டுக்காரர் பரிசல் ஓட்டுறவர். பரிசல் கவுந்து கெடந்தா எங்க வூட்டு அடுப்பும் கவுந்து கெடக்கும். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு நான் குழுவுக்குச் சந்தா மூணு மாசம் கட்டல. அந்த வெட்கத்துல குழுவுல கேக்கல. வாசலுக்கே வந்து கொடுக்கிற ஒரு தனியார் கடனை வாங்கிட்டேன். 40,000 ரூபாய். வாரம் 900 வீதம் 52 வாரம். கூட்டிப் பார்த்தால் 46,800. வட்டி மட்டும் 6,800 ரூபாய்.

இதே பணத்தை நம்ம குழுவில் வாங்கியிருந்தால் நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. மாசா மாசம் அசலைச் சமமாகக் கட்டினால், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒரு வருஷத்துக்கு 2,600 ரூபாய்தான் வரும். அந்த 2,600-ம் எங்கேயும் போகாது, நம்ம குழுவுலேயே நிக்கும். பத்தாவது படிச்ச நான் இந்தக் கணக்கைப் போடல. பள்ளிக்கூடமே போகாத அத்தை போட்டிருப்பாங்க.

தவணை நாள் வந்தா வயித்துல புளியைக் கரைக்கும். வாசல்ல வந்து உக்காந்துட்டு, பணம் வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. அக்கம்பக்கம் பார்க்கும். கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டக் கூடாதுன்னு 2025-ல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டு வந்திருக்கு. நல்லதுதான். ஆனா மிரட்டலுக்குச் சட்டம் இருக்கு, என் வெட்கத்துக்கு எந்தச் சட்டம் இருக்கு? கடைசி பதினஞ்சு வாரத் தவணைக்கு வழியில்லாம போன பிறகுதான் குழுவுல வாய் திறந்தேன். யாரும் என்னைத் திட்டல. ஊக்குநர் அக்கா நோட்டைப் பிரிச்சு, "முதல்ல சந்தா பாக்கியைக் கட்டு. மிச்சத்தைப் பேசிக்கலாம்"னு சொன்னாங்க. உள்கடன் கொடுத்து அதை முடிச்சு வெச்சாங்க.

இதை ஏன் இன்னிக்கு சொல்றேன்னா, போன மாசக் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. சேமிப்பைப் பிரிச்சுக் கொடுத்துடுங்க, குழுவைக் கலைச்சிடலாம், கடன்தான் வாசல்லயே கிடைக்குதேன்னு. நான் யாரையும் குறை சொல்லல. நானும் அந்த எடத்துல நின்னவதான். ஆனா ஒண்ணு யோசிங்க. வாசலுக்கு வர்ற கடன் ராத்திரி ரெண்டு மணிக்கு வராது. சந்தா கட்டாதவளைத் திரும்பக் கூப்பிட்டு உக்கார வெச்சு சோறு போடாது.

சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி இன்னொரு சேதியும் சொல்லணும். பிரதமர் காலைத் தொட்ட அந்த அம்மாவுக்குச் சொந்தமா ஒழுங்கான வீடு இல்லைன்னு 2024-ல் செய்தி வந்துச்சு. அப்புறம் மார்ச் மாதம் தமிழ்நாடு அரசு வீடு கட்டித் தருவதாக அறிவிச்சது. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. அதே சமயம் ஒண்ணு புரிஞ்சது. ஆயிரக்கணக்கான பெண்களோட பணத்தைச் சேர்க்கச் சொல்லி ஊர் ஊரா நடந்தவங்க, அதுல தனக்குன்னு ஒரு வீட்டைக் கட்டிக்கல. எங்க அத்தையும் அப்படித்தான். நாலு பாஸ்புக்கையும் கூட்டிப் பார்த்து ஈமச் செலவு போக மிச்சம் வந்தது ரொம்பக் கம்மி. ஆனா அவங்க சாவுக்கு பென்னாகரத்துல இருந்தும் தர்மபுரியில இருந்தும் பொம்பளைங்க பஸ் ஏறி வந்தாங்க. "நாங்க பேங்க்ல கையெழுத்துப் போட இவங்கதான் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க"ன்னு சொல்லி அழுதாங்க. என் மாமியார் யாருன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

கூட்டமைப்புப் பிரதிநிதியாக மாவட்டக் கூட்டத்துக்குப் போகணும்னு என்னை மூணு தடவை கேட்டாங்க. வூட்டு வேலை, புள்ளைங்க படிப்புன்னு மூணு தடவையும் மாட்டேன்னு சொன்னேன். உண்மையான காரணம் பயம். இப்போ இந்த மேடையில சொல்றேன், அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன். என் வூட்டுக்காரர் கடைசி வரிசையில நிக்கிறார். அன்னிக்கு சோறு அவர்தான் ஆக்கணும். அதையும் இங்கேயே சொல்லிடறேன், அப்பத்தான் சாட்சி இருக்கும்.

குழுவைக் கலைக்கணும்னு நெனைக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கலைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு வருஷம் சந்தா தவறாம கட்டிப் பார்ப்போம். உள்கடனை முதல்ல நம்ம குழுவுலேயே கேட்போம். கேக்க வெட்கப்படுறவ வூட்டுக்கு நாமே போவோம். அதுக்கப்புறமும் வேணாம்னா, கணக்கு முடிக்க நானே நோட்டு எழுதித் தர்றேன்.

அந்தப் படத்தை நான் பெட்டியில இருந்து பிரிக்கல. இப்போ அந்தப் பெட்டியிலதான் எங்க குழுவோட நோட்டெல்லாம் இருக்கு. நேத்து வந்த பஸ் டிக்கெட் ஒண்ணையும் அந்தக் கட்டோட சேர்த்து வெச்சிருக்கேன். இந்தப் பேச்சைத் தயார் பண்ண, தர்மபுரி நூலகத்துக்கு நான் தனியா போயிட்டு வந்த டிக்கெட் அது.