மூன்று சங்கங்களின் கணக்கு



ஹாரி பாட்டர் கதைகளில் வரும் மாயப் பள்ளியில் ஆயிரம் மாணவர் பயில்வதாக ஆசிரியர் ரௌலிங் கூறினார். கதைக்குள் எண்ணிப் பார்த்த வாசகர்க்கு முந்நூறு பேரும் தேறவில்லை. இல்லம் நான்கு, வகுப்பு ஏழு, ஓர் இல்லத்தில் வகுப்புக்கு ஏறத்தாழப் பத்துப் பேர், ஆக 280. அதே கண்ணோடு நம் சங்க வரலாற்றையும் எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

இறையனார் அகப்பொருள் உரை தரும் கணக்கு தாங்கள் அறிந்ததே. தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850, கூட்டினால் 9990. மூன்றும் முப்பத்தேழின் மடங்குகள்: 120, 100, 50. நடந்த வரலாறு இத்தனை ஒழுங்காக வகுபடுமா? வீற்றிருந்த புலவர் 549, 59, 49. அரசர் 89, 59, 49. எல்லாம் ஒன்பதில் முடிகின்றன.

இடைச்சங்கத்திற்கு வருவோம். 59 அரசர் 3700 ஆண்டு ஆண்டனர் எனில், ஒருவர்க்கு அறுபத்திரண்டு ஆண்டுக்கு மேல். வீற்றிருந்த புலவரும் 59 பேரே. ஒருவர் போனபின் ஒருவராக, நாற்பது நாற்பது ஆண்டு இருந்தாலும் 2360 ஆண்டுதான் நிரம்பும். எஞ்சிய 1340 ஆண்டு அவை ஆளின்றிக் கிடந்திருக்க வேண்டும்! அகத்தியனாரோ முதலிரு சங்கங்களிலும் இருக்கிறார். அவர் வயதைக் கேட்பது மரபன்று.

கடைச்சங்கத்தில் பாடினோர் 449 என்கிறது உரை. இன்று எட்டுத்தொகை, பத்துப்பாட்டில் பெயர் தெரிந்த புலவர் 473 பேர். இந்த ஓர் எண் நிலத்தில் கால் ஊன்றி நிற்கிறது. பின்னோக்கிச் செல்லச் செல்லவே எண்கள் பெருத்தன என்பது என் துணிபு.

நம் மாவட்டத்துச் செங்கத்தை நினையுங்கள். மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் கூத்தரை ஆற்றுப்படுத்துவது மதுரை அவைக்கு அன்று. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம். 583 அடிகளில் மலையும் வழியும் விருந்தும் உண்டு. சங்கம் என்றோர் அவையின் பேச்சே இல்லை. அப்பகுதி நடுகற்களும் காலம் சொல்கின்றன: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில் இன்னவன் பட்டான் என்று. ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் நூலாகவும் வந்தது. சிறிய எண்களே, எனினும் கல்லில் நிற்பவை.

மேடைதோறும் 9990 என்று முழங்கிப் பழகிவிட்டோம். அதை வகுத்துப் பார்த்து நகைக்கும் அயலார், மாங்குளம் குகைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதையும் சேர்த்தே ஐயுறுவர். இழப்பு நமக்கே. ஆதலின் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: இவ்வெண்களைச் சொல்லுங்கால், “உரை இவ்வாறு கூறுகிறது” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.