பற்றுச்சீட்டைக் கேட்போம்!



வருவோரை இன்முகத்துடன் வரவேற்றுப் பொருளின் குணங்குறைகளை எடுத்துரைப்பதே நல்ல வணிகரின் இலக்கணம். இன்றோ பல கடைகளிற் கேள்வி கேட்பவர் தொல்லையெனக் கருதப்படுகின்றார். கிருமிநாசினியை எவ்வளவு நீரிற் கலப்பதென்று கமக்காரர் வினவினால், "சுட்டுத்துண்டிலை கிடக்கு, பாருங்கோ" என்பதே மறுமொழி. பற்றுச்சீட்டும் எழுதுவதில்லை. வாங்கிய விதை முளையாதொழிந்தால் ஒரு போகமே பாழ். முறையிடுவதற்குக் கையிற் சான்றேது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்போருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது வணிகரின் கடமை. நாம் கேளாதிருந்தால் அலட்சியமே வளரும். ஆதலின், சிறுதொகையாயினும் பற்றுச்சீட்டைக் கேட்போம். மறுத்தால் அதிகாரசபையின் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு முறையிடுவோம்!