பெண் பிறந்தால் பெண்சாதி குற்றமா?

(கடம்பூரில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீட்டுத் தொட்டிலைப் பற்றியது. முதல் குழந்தை பெண்ணாய்ப் பிறந்தால் மாமியார் முகம் சுளிக்கிறாள். இரண்டாவதும் பெண்ணானால் கழுகுமலைக்கு நேர்த்திக்கடன், அரச மரத்தைச் சுற்றுதல், இராமேஸ்வர யாத்திரை! மூன்றாவதும் பெண்ணானால், “இவள் வயிறு பெண் வயிறு” என்று தீர்ப்புச் சொல்லி, மகனுக்கு வேறு பெண் தேடப் புறப்பட்டு விடுகிறார்கள். இந்தத் தீர்ப்புக்குச் சாட்சி எங்கே? விசாரணை எங்கே?

சாட்சி பூதக்கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் அதிகம் படித்தவனல்ல. ஒரு கல்லூரியின் சோதனைச்சாலையில் மாணவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெங்காயத்தைத் தண்ணீரில் படும்படி வைத்து வேர் விடச் செய்கிறார்கள். வேரின் நுனியைக் கிள்ளி, திராவகத்தில் இளக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கிடையே கட்டை விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். உயிரணுக்கள் என்னும் சிறு சிறு அறைகள் தெரிகின்றன. சில அறைகளுக்குள் சாயம் பிடித்த நூல் துண்டுகள் கிடக்கின்றன. இவைதான் குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16. ஓர் அணு இரண்டாகு முன் ஒவ்வொரு நூலும் இரட்டித்துக் கொள்ளுகிறது. பிறகு எல்லாம் நடுவில் வரிசையாய் நின்று, பிரிந்து, இரு பக்கமும் போகின்றன. அங்கும் 16, இங்கும் 16. இவ்வளவு நேர்மையான பாகப்பிரிவினையை எந்தக் கர்ணமும் செய்து வைத்ததில்லை!

நமது கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு 26. கம்போடியாப் பருத்திக்கு 52. மனிதனுக்கு 46 என்பது 1956-இல்தான் சரியாக எண்ணி வெளியிடப்பட்டது. அக்கிரகாரத்துக்கு ஒரு கணக்கு, சேரிக்கு ஒரு கணக்கு என்று அதில் கிடையாது.

விந்தணுவும் கருமுட்டையும் உண்டாகும்போது மட்டும் இந்த எண்ணிக்கை பாதியாகிறது. ஆகவே பிள்ளைக்குத் தாய் தருவது 23. தகப்பன் தருவது 23. இவற்றில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கிறது. பெண்ணுக்கு அந்த ஜோடி இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றொன்று ஒய். தாயிடம் ஒய் இல்லை. எனவே அவள் தருவது எப்போதும் எக்ஸ். தகப்பனிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1905-இல் மாவுப் புழுக்களை ஆராய்ந்து இவ்வித உண்மையை வெளியிட்டார்.

பெண் வெறும் நிலம், ஆணே விதை என்கிறது மனுதர்மம். அந்தப் பேச்சுப்படியே பார்த்தாலும், கம்பை விதைத்துவிட்டுச் சோளம் ஏன் முளைக்கவில்லை என்று கரிசலை உதைக்கிறவன் உண்டா? உண்மையிலோ அவள் நிலம் மட்டுமல்ல; விதையிலும் சரிபாதி அவளுடையது.

அதற்காக இனிப் புருஷனை உதையுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவனும் தெரிந்து அனுப்புவதில்லை. காசைச் சுண்டினால் பூவோ தலையோ விழுவது போன்றதுதான் இது. மூன்று தரம் பூ விழுந்ததால் நான்காம் தரம் தலைதான் விழும் என்ற நியதி உண்டா? கரு உண்டாகும்போதே முடிந்துபோன காரியத்தை ஐந்தாம் மாதத்து நேர்த்திக்கடனா மாற்றப் போகிறது? ஆனால் உண்டியல் மட்டும் நிறைகிறது!

பெண் பிறந்துவிட்டால்தான் என்ன நஷ்டம்? 1897-இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, 1934 முதல் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தக் குரோமோசோம்களையே ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி ஒரு பெரும் புத்தகமாக வெளியிட்டார். “புத்” என்னும் நரகத்திலிருந்து கரையேற்ற மகன் வேண்டுமென்று காத்திருப்பவர்களே, அந்த நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் யார்? ஜானகி அம்மாள் எண்ணியதையோ எவரும் கண்ணால் பார்க்கலாம்.

வயிற்றிலிருப்பது பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதே குற்றமென்று 1994-இல் சட்டம் வந்தது. சட்டம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும், அடுப்பங்கரைக்குள் வராது. அங்கே நுழைய வேண்டியது அறிவு. ஆகையால் தாய்மார்களே, நாளைக்கே உங்கள் மருமகள் பெண் பெற்றால் முகம் சுளிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க இப்போதே நினைத்துக் கொள்ளுங்கள். தோழர்களே, “இவள் வயிறு பெண் வயிறு” என்று எவனாவது சொன்னால், சண்டை வேண்டாம். அவனை உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.