மீன் தொட்டிக்கு ஒரு கணக்கு நோட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. தண்ணீரைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எட்டு தங்கமீன்களைச் சாகவிட்ட தகுதிதான்.

போன கத்திரி வெயிலில் பேத்தி வருகிறாள் என்று மீன் தொட்டியைப் பளபளப்பாக்கினேன். தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினேன். புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ஏழாம் நாள் காலை பேத்திதான் முதலில் பார்த்தாள். "தாத்தா, ஏன் எல்லாம் சாய்ஞ்சு கிடக்கு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், மிச்சம் விழும் தீனியிலிருந்தும் அம்மோனியா சேர்கிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதில் ஆபத்து குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும். நான் அழுக்கு என்று கழுவித் தள்ளியது அவற்றைத்தான். தப்பியிருந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சத்தைக் கவனித்திருக்கும்.

வெயிலும் சேர்ந்துகொண்டது. தண்ணீரின் சூடும் பிஎச் அளவும் ஏற ஏற அம்மோனியாவின் கடுமை கூடும். பிஎச் 7 இலிருந்து 8க்குப் போனால் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. நைட்ரைட் வேறு விதம். ரத்தத்தில் கலந்து அதைப் பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைப் பாலில் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைக்கும் இதே கதிதான். அதனால்தான் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். உரம் போடும் வயலை ஒட்டிய கிணறு சொந்த ஊரில் இருப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

தொட்டிக்கு வருவோம். சொட்டு மருந்து மாதிரி வரும் சோதனை கிட் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். நைட்ரேட் பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40க்குள் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஏதாவது தலைகாட்டினால் அன்று தீனி கிடையாது, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரேட் 40 இருக்கும்போது கால் பங்கு மாற்றினால் 30 ஆகும். குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அவ்வளவு இறங்காது. ஆகவே முதல் சோதனை குழாய்த் தண்ணீருக்கு. மாற்றும் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். ஸ்பாஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்.

சென்னை கொளத்தூருக்குப் போய் ஆசையாக இருபது மீன் வாங்கி வந்து, புதுத் தொட்டியில் ஒரே நாளில் விடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு மூன்று மீனோடு தொடங்குங்கள்.

இப்போது என் தொட்டிக்கு ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, மூன்று அளவுகள், மாற்றிய தண்ணீர், போட்ட தீனி. பழைய பழக்கம், கணக்கு நேராகாமல் எனக்குத் தூக்கம் வராது. போன மாதம் நைட்ரைட் 0.5 காட்டியது. பார்த்தால், வீட்டில் ஆளாளுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் கிட்டோடு இருப்பேன். உங்கள் தொட்டித் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவாருங்கள். புதுத் தொட்டி வைப்பவர்களுக்கு என் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துப் போக வேண்டும், கழுவிவிடாதீர்கள்.